நான் எழுதிய எண்

அந்த மனிதரோடு நான் பேசியது மொத்தம் இரண்டு நிமிடம் இருக்கும். அந்த இரண்டு நிமிடத்தில் செய்ததையும் அதற்குப் பிறகு எட்டு மாதம் செய்யாமல் விட்டதையும் எழுதி வைக்கிறேன்.

எனக்கு எழுபத்தொரு வயது. மலேசியாவின் ஜொகூரில் ஓர் இடைநிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்தேன். அதில் பாதிக்கு மேல் கட்டொழுங்கு ஆசிரியர். தாமதமாக வருபவன், வேலி தாண்டுபவன், கழிவறையில் புகைப்பவன், எல்லாரையும் பிடித்துப் பெயர் எழுதுவது என் வேலை. பொய்யைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவேன் என்று ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். மற்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஓய்வுபெற்ற பிறகு காலையில் பூங்காவில் நடக்கும் கூட்டத்தில் சேர்ந்தேன். அதில் ஒருவர் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டப்போட்டி நடத்தும் குழுவில் இருந்தார். "சார், சும்மா ரோட்டுல நின்னு கை காட்டுற வேலைதான். ஒரு சட்ட, ஒரு நாசி லெமாக், அவ்வளவுதான்" என்று கூப்பிட்டார். தொண்டூழியம் என்று போனேன்.

தெப்ராவ் பக்கம் ஓர் அகலமான சாலையில் என்னை நிறுத்தினார்கள். நடுவில் புல் வளர்த்த தடுப்பு. ஓட்டக்காரர்கள் தடுப்பின் ஒரு பக்கமாகப் போய், ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு திருப்பத்தில் வளைந்து, மறுபக்கமாகத் திரும்பி வர வேண்டும். திருப்பத்தில் நிற்பவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிவப்பு ரப்பர் வளையம் மாட்டிவிடுவார்கள். அது இல்லாமல் முடிவுக்கோட்டுக்கு வந்தால் மெடல் கிடையாது. ஆனால் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தில் சுற்றி வருவதும் அதே மாதிரி வளையம்தான். வீட்டிலிருந்தே ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, திருப்பம்வரை போகாமல் பாதியில் தடுப்பைத் தாண்டிவிடும் ஆட்கள் இருந்தார்கள். கார்கள் திரும்புவதற்காகத் தடுப்பில் விட்டிருந்த இடைவெளிதான் அவர்களுக்கு வசதி. அந்த இடைவெளியில்தான் நான் நின்றேன். ஒரு கொடி, ஒரு விசில், ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். யாராவது கடந்தால் அவருடைய நெஞ்சில் குத்தியிருக்கும் எண்ணை எழுத வேண்டும்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் பச்சைச் சட்டை போட்ட மூன்று இளைஞர்கள் வந்தார்கள். ஒருவன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினான்.

"அங்கிள், கால் புடிச்சிக்கிச்சு அங்கிள். நடக்கவே முடியல. கெசியான் லா, பாவம் பாருங்க."

"மத்த ரெண்டு பேருக்கு என்ன?"

"இவன தூக்கிட்டுப் போவணும்ல அங்கிள். நாங்க ஓடவெல்லாம் மாட்டோம். சத்தியமா."

எனக்குப் பாவமாக இருந்தது. கொடியை இறக்கினேன். மறுபக்கம் போய்ப் பத்தடி நொண்டியவன், திடீரென்று நிமிர்ந்து ஓட ஆரம்பித்தான். திரும்பிப் பார்த்து, "தெரிமா காசே, அங்கிள்! கால் சரியாப் போச்சு!" என்று மலாயில் நன்றி சொல்லிக் கத்தினான். மற்ற இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த வழியாக ஓடிக்கொண்டிருந்த சிலரும் சிரித்தார்கள். எண்களை எழுத வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோனது.

காது இரண்டும் சுட்டன. இனி ஒருத்தனையும் விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. நடந்த வரிசையில் சொல்கிறேன்.

அரை மணி நேரத்துக்குப் பிறகு அவர் வந்தார். ஐம்பதை நெருங்கியவர், அதே பச்சைச் சட்டை. ஓடவில்லை, நடந்து வந்தார். இடைவெளியில் ஒதுங்கி, கைகளை முழங்காலில் ஊன்றிக் குனிந்து நின்றார்.

"ஐயா, நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது. அந்தப் பக்கம் போயி, மெதுவா நடந்து தண்ணி குடுக்கிற எடத்துக்குப் போயிடுறேன்."

தண்ணீர் கொடுக்கும் இடத்தில் முதலுதவிக் கூடாரமும் இருந்தது. மறுபக்கத்தில், நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் தெரியும் தூரம்.

"இப்பத்தான் ஒருத்தனுக்குக் கால் புடிச்சிச்சு. உனக்கு நெஞ்சா?" என்றேன். மாணவனிடம் பேசுவதுபோல ஒருமையில் பேசினேன்.

அவர் லேசாகச் சிரித்தார். நான் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்திருக்கலாம்.

"மெடல் வேணாங்க ஐயா. அங்க போய் உக்காந்துக்கிறேன்."

"திருப்பத்துலயும் தண்ணி இருக்கு. அங்க போய் உக்காரு. வழி அதுதான்."

கொடியைக் குறுக்கே நீட்டினேன். நோட்டை எடுத்து அவருடைய எண்ணை எழுதினேன். அவர் அதைப் பார்த்தார்.

"நம்பர எழுதாதீங்க ஐயா. நான் கடக்கவே இல்லையே."

"கடக்கத்தான வந்த?"

அவர் முழங்காலிலிருந்து கைகளை எடுத்தார். நிமிர்ந்து, திருப்பம் இருக்கும் திசையில் நடந்தார். நானூறு மீட்டர் போயிருப்பார். அங்கே ஓட்டக்காரர்கள் நின்று கூட்டம் கூடுவது தெரிந்தது. ஆம்புலன்ஸ் மறுபக்கத்தில் இருந்தது. வளைந்து வர நேரம் பிடித்தது. நான் என் இடத்தை விட்டு நகரவில்லை. நகரக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள் என்பது எனக்கு அப்போது மிகவும் உதவியாக இருந்தது.

எல்லாம் முடிந்து கூடாரத்துக்குத் திரும்பும்போது, மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள். அங்கேதான் இன்னொன்றையும் கவனித்தேன். பச்சைச் சட்டை பந்தயத்தில் எல்லாருக்கும் கொடுத்தது. தொண்டூழியர் மேலங்கிக்கு உள்ளே நானும் அதையே போட்டிருந்தேன்.

நோட்டு என் பையில் இருந்தது. அவருடைய எண்ணை அடித்துவிட ஒரு கோடு போதும். பேனாவையும் எடுத்தேன். அடித்தால் ஏன் அடித்தீர்கள் என்று கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது? மூடி போட்டு வைத்துவிட்டேன். நோட்டை வாங்கிக்கொண்ட குழு நண்பர், "கீழ விழுந்தாரே, உங்க எடத்தத் தாண்டித்தானே போயிருக்காரு. ஏதாச்சும் சொன்னாரா சார்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

சில நாள் கழித்து, குறுக்கே கடந்ததாகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டவர்களின் எண்களைப் போட்டியின் பக்கத்தில் போட்டார்கள். பெயர் இல்லை. ஆனால் எண்ணை வைத்துப் பெயரைத் தேடுவது ஓடியவர்களுக்குப் பெரிய காரியமில்லை. கீழே ஒருவன், "அண்ணன் ஷார்ட்கட்ல நேரா மேலயே போயிட்டாரு" என்று எழுதினான். நிறையப் பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். போட்டிக் குழு அந்தக் கேலியை நீக்குவதற்குள் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். என் நடைக் கூட்டத்துக் குழுவுக்கும் வந்தது. அந்த மூன்று இளைஞர்களின் எண்கள் பட்டியலில் இல்லை. நான் எழுதவில்லையே.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் குழுவினர் போனபோது என்னையும் அழைத்தார்கள். மறுத்தால் சந்தேகப்படுவார்கள் என்று போனேன். வரிசை வீடு. கூடத்துச் சுவரில் ஆணிகள் மட்டும் வரிசையாக இருந்தன. அவருடைய மனைவி எங்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து கேட்டார்.

"அவரு குறுக்கால ஓடுனாருன்னு போட்டிருக்கீங்களே. மெடல எல்லாம் மக கழட்டி பெட்டியில போட்டுட்டா. இதெல்லாம் இப்படித்தான் வாங்குனாராம்மான்னு என்னைக் கேக்குறா. நான் என்னத்தச் சொல்றது? அந்த எடத்துல நின்னது யாருங்க?"

குழு நண்பர் என்னைப் பார்த்தார். நான் காப்பிக் குவளையைப் பார்த்தேன். வேறொருவர், "அதெல்லாம் நெறைய பேரு நிப்பாங்க அக்கா" என்று பேச்சை மாற்றினார். காப்பியை முழுவதும் குடித்தேன். அதுவும் நினைவிருக்கிறது.

பிறகு எட்டு மாதம். தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை என்றெல்லாம் எழுத முடியாது. தூங்கினேன், சாப்பிட்டேன், நடக்கப் போனேன். அடுத்த போட்டி நெருங்கியபோது நண்பர் தொலைபேசியில் அழைத்தார். புதிய தொண்டூழியர்களுக்கு நான் ஒரு விளக்கம் கொடுக்க வேண்டுமாம். "ஏமாத்துறவன எப்படிப் புடிக்கிறதுன்னு நீங்கதான் சார் சொல்லணும். போன வருஷம் நீங்க ஒருத்தர்தான் கரெக்டா எழுதிக் குடுத்தீங்க."

சரி என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். மறுநாள் மாலை அந்த வீட்டுக்குப் போனேன்.

மனைவி தொழிற்சாலையில் காலை வேலை முடிந்து வந்திருந்தார். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"பேசும்போது மூச்சு வாங்குச்சா?"

"ஆமா."

"வேர்த்திருந்திச்சா?"

"ரொம்ப. மத்தவங்கள விட."

"கைய எங்க வச்சிருந்தாரு?"

"முட்டியில. அப்புறம் நெஞ்சுல."

"இதெல்லாம் பாத்தீங்க."

"பாத்தேன்."

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். "மக ஏழு மணிக்கு வருவா. சிங்கப்பூர்ல வேல, தெனமும் போய் வர்றா. அவகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா, அப்பாவுக்குப் பரிஞ்சு பேசுறேன்னு நெனப்பா."

இரண்டு மணி நேரம் அங்கே இருந்தேன். அவர் துணி மடித்தார், சோறு வைத்தார். எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் எப்படி வாங்கியிருப்பேன் என்று தெரியவில்லை.

மகள் மோட்டார் சைக்கிளில் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். தலைக்கவசத்தைக் கையில் வைத்தபடியே கேட்டாள். நான் முடித்ததும், "நம்பர எழுதாதீங்கன்னாரா?" என்றாள்.

"ஆமா. நான் கடக்கவே இல்லையேன்னாரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் எட்டு மாசமா அப்பாவ என்ன நெனச்சேன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றாள். பிறகு என் தொலைபேசியைக் காட்டி, "இங்கயே எழுதுங்க. எல்லா குரூப்புலயும் போடுங்க" என்றாள்.

எழுதி அவளிடம் காட்டினேன். அந்த எண் தவறுதலாகப் பட்டியலில் சேர்ந்துவிட்டது, வருந்துகிறேன் என்று எழுதியிருந்தேன். அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"அவரு உங்ககிட்ட சொன்னது இதுல இல்ல. நீங்க சொன்னதும் இல்ல."

மறுபடி எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன். அனுப்பும்வரை பக்கத்திலேயே நின்றாள். அனுப்பியதும், "நீங்க போலாம்" என்றாள்.

குழு நண்பர் அன்று இரவே அழைத்து, குழுவைக் கேட்காமல் ஏன் போட்டீர்கள் என்று சத்தம் போட்டார். அந்த வாரத்திலேயே அந்த எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், விளக்கம் எதுவும் இல்லாமல். காலை நடைக்கு இப்போது தனியாகப் போகிறேன். என் செய்தியைப் படித்தவர்கள் குறைவு. பழைய படமும் அந்தக் கேலியும் இன்னும் சுற்றுகின்றன, போன மாதம்கூட யாரோ எனக்கே அனுப்பினார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அந்தப் படம் வந்திருக்கலாம். அந்த மனிதர் சாலையைக் கடக்கவில்லை. என்னிடம் வழி கேட்டார். நான் விடவில்லை.