மோதிர விரல்

பாஸ்கலுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கிளியனூரிலிருந்து பஸ் ஏறி மரக்காணம் உப்பளத்துப் பக்கம் வந்து, தன்னைப்போலப் பார்வையில்லாத பிள்ளைகளுக்கு பிரெயில் சொல்லிக்கொடுப்பார். வலது ஆட்காட்டி விரலால்தான் வாசிக்க வேண்டும். வேறு விரல் தாளில் ஊர்ந்தால் அந்தச் சத்தத்திலேயே கண்டுபிடித்து பெஞ்சைத் தட்டுவார்.

2006 கோடையில் அந்த விதி அவரைக் கைவிட்டது. உப்பளத்தில் வேலை செய்யும் சரஸ்வதியின் பார்வையில்லாத மகள் கீதாஞ்சலிக்கு ஒன்பது வயது. “ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டட்டும், ஜூன்ல சேத்துக்கிறேன். இல்லேன்னா அடுத்த வருஷம் பாப்போம்” என்று ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளி என்று கேட்டால் அவள் மளமளவென்று ஒப்பிப்பாள். தாளில் புள்ளி குத்தும் குத்தூசியால் பிசகாமல் எழுதுவாள். வாசிக்கச் சொன்னால் மட்டும் வாயடைத்துப் போவாள்.

“மண்டையில ஏறலீங்களா சாரு?” என்றாள் சரஸ்வதி.

“மண்டையில ஏறுது. விரல்லதான் எங்கியோ நிக்குது.”

பாஸ்கல் கீதாஞ்சலியின் கையை வாங்கித் தடவினார். விரல் நுனி காய்ந்த தோல்செருப்பு மாதிரி இருந்தது. “இந்தக் கையில என்னம்மா பண்ற?”

“மூட்டை தைக்கிறேன் சார். அம்மா உப்பு ரொப்பும், நான் கோணி ஊசியால வாயத் தைப்பேன். என் தையல் பிரியவே பிரியாது.”

“ஆமா சாரு, பிரிக்கப் போயி என் பல்லு ஆடிப்போச்சு!” என்றார் பக்கத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த கலியன்.

பாஸ்கல் ஒவ்வொரு விரலாகத் தடவிக்கொண்டே போனார். உப்பும் ஊசியும் எதையும் விட்டுவைக்கவில்லை. இடது மோதிர விரலில் வந்து நின்றார். கோணியைப் பிடிக்கும்போது அது உள்ளே மடங்கிக்கொள்ளும்போல, பூவாக இருந்தது. புள்ளித் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

“இத வை.”

“இது தப்பு வெரல் இல்லியா சார்?”

“இன்னிலேருந்து இதான் சரி.”

விரல் தயங்கித் தயங்கி நகர்ந்தது. திடீரென்று கத்தினாள்: “சார், நண்டு! நண்டுன்னு போட்டிருக்குது!”

சரஸ்வதி கோணி ஊசியைப் பிடுங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். “இனிமே ஊசி எனக்கு, புள்ளி உனக்கு.”

ஜூனில் கீதாஞ்சலி ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் வாசித்தாள். தலைமையாசிரியருக்கு ஒரு சந்தேகம், மனப்பாடமாக இருக்குமோ என்று. பாஸ்கலை வெளியே கூட்டிப்போய்க் காதில் ஏதோ சொன்னார். பாஸ்கல் அதை அங்கேயே தாளில் குத்தி எடுத்துவந்து அவளிடம் நீட்டினார்.

மோதிர விரல் தாளில் ஓடியது. பாதி வரியிலேயே கீதாஞ்சலிக்குச் சிரிப்பு பீறிட்டது.

“என்னன்னு சொல்லிட்டுச் சிரிம்மா!” என்று அவசரப்படுத்தினார் தலைமையாசிரியர்.

“கருவாட்டைப் பூனைக்குப் பறிகொடுத்ததால், நேற்று வீட்டில் எனக்குச் சரியான திட்டு.”

“இது எங்க வீட்டம்மாவுக்கும் பூனைக்கும்தாம்பா தெரியும்! பேர எழுதுங்க” என்றார் தலைமையாசிரியர்.

வாசலில் நின்ற அம்மாவுக்காக அவள் இன்னொரு தரம் வாசித்தாள். இந்த முறை தெருவுக்கே கேட்டது.