மியூவான் எண்ணியவள்

கரும்பலகையில் தடித்த சுவர் ஒன்றை வரைந்து, அதன்மேல் பத்துப் பதினைந்து அம்புகளை முட்டவிடுவாள் யோகலட்சுமி. ஒன்றை மட்டும் மறுபுறம் நீட்டுவாள். “மத்ததையெல்லாம் செவுரு தின்னுப்புடும். இந்த மியூவான்ங்கிற துகள் மட்டுந்தான் அங்குட்டு வரும்.” அன்றைய பாடம் என்னவோ லென்ஸ். பிள்ளைகள் அதையும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

காரைக்குடியில் ஒரு தனியார் கல்லூரியின் தற்காலிக விரிவுரையாளர். வயது நாற்பத்தொன்று. சொந்த ஊர் காளையார்கோவில் பக்கம். ‘சுமார்’ என்ற சொல் அவளுக்கு ஆகாது. “பத்து நிமிசத்துல வாரேன்” என்னும் ஆட்டோக்காரரிடமும், “கூடக்கொறைய எம்புட்டுண்ணே?” என்று கேட்பாள்.

அந்தக் கூடக்குறையைத்தான் ஓர் ஆய்வுத் திட்டத்தில் ஆறு வருடம் கணக்கிட்டாள். ஐரோப்பாவில் பூமிக்கடியில் புரோட்டான்களை மோதவிடுகிறார்கள். எப்போதாவது அதில் கன குவார்க்குகள் என்னும் எடைமிகு துகள்கள் பிறக்கும். “பொறந்த கையோட செத்துரும். அதுக இருந்துச்சுன்னு சொல்ல மியூவான்தான் வந்து நிக்கும்.” வேறு வழியில் வந்த மியூவான்களைக் கழித்துவிட்டு மிச்சத்தை எண்ணினால், எத்தனை குவார்க்குகள் பிறந்தன என்று தெரியும். கழிக்கும் முறை அவள் கண்டுபிடித்தது.

திட்டம் முடிந்தது, அவள் ஒப்பந்தமும் முடிந்தது. விலகி ஒரு வருடம் ஆனால் கட்டுரையாசிரியர் பட்டியலில் பெயர் இராது என்பது விதி. கட்டுரை பதினான்காம் மாதம் வெளிவந்தது. ஆயிரத்து ஏழு பெயர்கள். இரண்டு தடவை தேடினாள். ஐந்தாம் பக்கத்தில் அவள் போட்ட வரைபடம் மட்டும் இருந்தது.

வழிகாட்டியான பேராசிரியர் சேவுகப்பெருமாளைப் போனில் பிடித்தாள்.

“ஆயிரம் பேருல ஒரு பேரு இருந்தா என்னம்மா, இல்லாட்டி என்ன?”

“அந்த ஆயிரத்துல உங்க பேரு இருக்குல்ல சார்.”

ஊரில் மழை உண்டா என்று விசாரித்தார் அவர்.

நிரந்தர வேலைக்கான நேர்முகத்திலும் அதையே தொட்டார்கள். “நீங்க செஞ்சதுன்னு சொல்றீக. பேரைக் காணமே?”

“வேலை மட்டுந்தாங்க என்னுது.”

அந்த இடம் வேறொருவருக்குப் போனது.

போன வாரம் சேவுகப்பெருமாளிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. சீதை என்ற புதிய ஆய்வு மாணவியின் கணக்கு. ‘கொஞ்சம் பாத்துக் குடும்மா, நாளைக்கு அனுப்பணும்.’ பார்த்ததுமே தப்பு தெரிந்தது. கழித்ததையே மறுபடியும் கழித்திருந்தாள் அந்தப் பெண். கிடக்கட்டும் என்று மடிக்கணினியை மூடிவிட்டு வகுப்புக்குப் போனாள் யோகலட்சுமி. லென்ஸ் நடத்தினாள். மனசு கேட்கவில்லை. மதியம் திரும்பி வந்து திறந்தாள்.

மூன்று பக்கத்துக்குத் திருத்தம் எழுதினாள். பழக்கதோஷத்தில் அடியில் தன் பெயரைத் தட்டினாள். அதை எழுத்தெழுத்தாக அழித்துவிட்டு, அனுப்பினாள்.