என் கட்சி மக்களை ஏமாற்றாது

மேடையில் 'அணி' என்று சொல்ல எனக்குப் பிடிக்காது. அந்தச் சொல் கிரிக்கெட்டுக்குப் போய் நெடுங்காலம் ஆகிவிட்டது. வாதத்தில் நான் நிற்கும் பக்கத்தைக் 'கட்சி' என்றுதான் சொல்வேன். பழைய சொல், நடுவிலிருக்கும் வல்லின ஒற்று ஒலிவாங்கியில் கதவைத் தட்டுவதுபோல் விழும். கல்லூரி நாள்களிலிருந்து பாகூர், வில்லியனூர் பக்கத்துத் திருவிழா மேடைகளில் நான் பேசிய எந்தப் பேச்சும் 'என் கட்சி' இல்லாமல் முடிந்ததில்லை. அந்த ஒரு சொல்லால் என் வலைப்பூ செத்துப்போகப் பார்த்தது.

வலைப்பூவைத் தொடங்கியபோது நான் வகுத்துக்கொண்ட விதி எளிமையானது: எந்த அரசியல்வாதி எதைச் செய்தாலும், ஏன் இப்போது, ஏன் இங்கே, யார் படம் எடுத்தார்கள் என்று கேட்பது. அடிக்கல் நாட்டிய இடத்தில் ஆடு மேய்வதை எழுதினேன். புதுச் சாலையின் தார் ஒரு தலைவரின் வீட்டு வாசலோடு நின்றுபோனதை எழுதினேன். வாசகர்கள் மகிழ்ந்தார்கள். உண்மையில் அவர்கள் என்னைவிடக் கடுமையானவர்கள். யாரோ ஒருவர் வாய்க்காலைத் தூர்வாரினார் என்று எழுதினால், 'மண்ணை எங்கே விற்றார்?' என்று கேட்பார்கள். அந்தச் சந்தேகத்தை மக்களின் விழிப்பு என்று மேடைதோறும் புகழ்ந்திருக்கிறேன். அது என் பக்கமும் திரும்பும் என்று நினைத்ததில்லை.

அந்தச் சொல் என்னை மாட்டிவிட்ட மாதத்தில் ஒரு கடலோரக் குப்பத்துப் பெண்கள் என்னை அழைத்திருந்தார்கள். ஊர்ப் பெயரைப் போடாதே என்று கேட்டுக்கொண்டார்கள். இங்கும் அதைக் காக்கிறேன். இரண்டு முறை திறப்பு விழா கண்டும் கூரை காணாத மீன் ஏலக்கூடம் அவர்களுடையது. தூண்கள் நிற்கின்றன, கல்வெட்டு நிற்கிறது, மீன் வெயிலில் கிடக்கிறது. பொழுது ஏறுவதற்குள் மீன் வாடிவிடும் என்பதால் வியாபாரி கேட்ட விலைக்கே தள்ளிவிட வேண்டும். வேறு யாரிடமும் வாய் திறக்காத அவர்கள் என்னிடம் சொல்லச் சம்மதித்ததற்குக் காரணம், நான் யாருடைய ஆளும் இல்லை என்று நம்பியதுதான்.

கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது ஏம்பலம் பக்கத்திலிருந்து ஒரு விழாக் குழுவினர் தொலைபேசியில் அழைத்தார்கள். பட்டிமன்றம். அரசியல் சீர்கெட்டதற்குக் காரணம் தலைவர்களா, மக்களா?

“தலைவருங்களுக்காகப் பேச ஒரு ஆளும் வர மாட்டேங்குறாங்கம்மா. பொய்க்குக்கூட மாட்டேங்குறாங்க. நீதான் எந்தப் பக்கம் குடுத்தாலும் பேசுவியே.”

கடைசி வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. ஒப்புக்கொண்டேன்.

நன்றாகப் பேசினேன், அடக்கத்துக்காக அதை மறைக்கப் போவதில்லை. தொடக்கத்தில் சொன்னது இது: “தலைவர்களுக்காக வாதாட வந்திருக்கும் என் கட்சி மக்களை ஏமாற்றாது, நடுவர் அவர்களே; மக்களின் பங்கையும் அவர்கள் முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்லும்.” கூட்டம் முணுமுணுத்தது, சிரித்தது, கடைசியில் கைதட்டியது. முடிந்ததும் முன்வரிசையிலிருந்த தொகுதிப் பிரமுகர் ஒருவர் மேடையேறி எனக்குச் சால்வை போர்த்தினார். ஏன் இப்போது, ஏன் எனக்கு என்று மனம் அப்போதே கேட்டது. படம் எடுத்தவரின் முகத்தைப் பார்த்துவைத்துக்கொண்டேன்.

மறுநாள் எல்லார் கைப்பேசியிலும் நான் இருந்தேன். சால்வையோடு ஒரு படம், பின்னணியில் என் குரல்: “என் கட்சி மக்களை ஏமாற்றாது.” முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஓரத்தில் அந்தப் பிரமுகரின் கட்சிக் கொடி.

'அக்கா கடைசியில சேர்ந்துட்டாங்க' என்றது ஒரு கருத்து. 'எலெக்‌ஷன்ல சீட்டு உறுதியா?' என்றது இன்னொன்று. வெட்டியவர் யார்? பிரமுகரின் ஆள்களைச் சந்தேகித்தேன். ஆனால் அவருடைய எதிரிகள்தான் அதை இன்னும் வேகமாகப் பரப்பினார்கள். பட்டிமன்றத்தில் எனக்கு எதிர்ப் பக்கம் பேசிய பேச்சாளர் 'வருத்தமா இருக்கு தோழி' என்று செய்தி அனுப்பினார். அந்த வருத்தம் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டதாகப் பட்டது. விழாக் குழுவையும் விடவில்லை, ஒலிபெருக்கிக்காரரையும் விடவில்லை. முழுப் பேச்சையும் வலைப்பூவில் ஏற்றினேன். 'எடிட்டிங் சூப்பர்' என்றார் ஒரு வாசகர்.

குப்பத்துக்குப் போனபோது காலை ஏலம் முடியும் நேரம். என்னை முதலில் அழைத்த அக்கா நண்டுக் கூடையிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டார்:

“இன்னா பாப்பா, உன் கட்சி ஏமாத்தாதாமே?”

“சால்வை எங்கடி? வூட்டுலயே வெச்சிட்டு வந்துட்டியா?” என்றார் அவருக்குப் பக்கத்தில் இருந்த இளம்பெண். எல்லாரும் சிரித்தார்கள்.

விளக்கினேன். பட்டிமன்றத்தில் கட்சி என்றால் பக்கம். கொடுத்த பக்கத்தைப் பேசுவது முறை. அது என் கருத்தே அல்ல.

நண்டுக்கார அக்கா இப்போதுதான் நிமிர்ந்தார். “அப்போ அன்னிக்குப் பேசினது உன் மனசுல இல்லாதது?”

“இல்லாததுதான், அக்கா.”

“மனசுல இல்லாததையே இவ்ளோ சோக்கா பேசுற. எங்களுக்காக எழுதப் போறியே, அது மனசுல இருக்குதா இல்லியான்னு நாங்க எப்பிடிடி கண்டுபுடிக்கிறது?”

“ஓட்டு கேக்க வர்றவனுங்களும் இப்பிடித்தான் பேசுறானுங்க,” என்றார் இளம்பெண்.

வதந்தியை மறுக்க வந்தவள், வதந்தியைவிட மோசமான உண்மையைச் சொல்லியிருந்தேன். அந்தக் கேள்வி நியாயமற்றது என்று இன்றும் என்னால் வாதாட முடியும். வக்கீலை யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஆனால் அந்த இடத்தில் எவ்வளவு நன்றாக வாதாடினாலும் அதுவே எனக்கு எதிரான சாட்சி. ஆகவே கைப்பேசியை எடுத்து, எழுதிவைத்திருந்த கட்டுரையைப் படித்துக் காட்டுவதாகச் சொன்னேன். போடுவதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

'கூரையற்ற தூண்கள் வானத்திடம் மனுக் கொடுத்து நிற்கின்றன' என்ற இடத்தில் நண்டுக்கார அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

“இது நல்லாருக்குது. எடுத்துடு.”

“நல்லாருந்தா ஏன்க்கா எடுக்கணும்?”

“எவனாவது இத மட்டும் வெட்டி ஃபோன்ல போடுவான்.”

அதன்பின் வெட்டிப் பரப்பக்கூடிய எதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. உவமைகள் போயின. அடுக்குத் தொடர்கள் போயின. 'கண்ணீர்' என்று வந்த இடத்தில் “எவ அழுதா?” என்று அதட்டல் எழுந்தது, கண்ணீரும் போயிற்று. கூரை இல்லை, கல்வெட்டில் திறந்தாகிவிட்டது என்று இருக்கிறது, மீன் வாடுகிறது, எப்போது போடுவீர்கள் என்ற அளவில் ஒரு சின்னக் கட்டுரை மிஞ்சியது. என் பெருமைக்கு அதில் இடமே இல்லை.

“இப்பவே போடு,” என்றார் நண்டுக்கார அக்கா. “நாங்க பாக்கச்சயே போடு.”

போட்டேன். அந்த இளம்பெண் தன் கைப்பேசியில் வலைப்பூவைத் திறந்து, நான் எதையாவது நடுவில் சேர்த்துவிட்டேனா என்று வரிவரியாகச் சரிபார்த்தார். பிறகுதான் எனக்குத் தேநீர் சொன்னார்கள்.

மாலையில் கருத்துகள் வந்தன. கொடியோடு இருந்த அந்தப் படத்தைப் பரப்பியவர்களில் சிலர் அதையே மறுபடியும் ஒட்டினார்கள். சிலர் கூடத்தின் படத்தைக் கேட்டார்கள். என் நெடுநாள் வாசகர் ஒருவர் மட்டும் இப்படி எழுதியிருந்தார்: 'இது உங்க எழுத்து மாதிரியே இல்லையே. யார் எழுதிக் கொடுத்தது?'

இன்னார் வெட்டித் தந்தது என்றால் அந்தப் பெண்களைக் காட்டிக்கொடுத்ததாகும். முழுக்க என் எழுத்துதான் என்றால் பொய். என் வலைப்பூவில் நான் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான்.