பெயர் வரும் வரை

மூரியல் மகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய அன்றுதான் இங்கிலாந்து அரசர் இறந்தார். 1952, பிப்ரவரி ஆறு. காலையில் மான்செஸ்டர் ரயில் நிலையத்தில் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. நார்மன் ஹெஸ்கெத் குனிந்து, ஏழு வயதுப் பெரிலின் கோட்டில் மேல் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். எத்தனை முறை போட்டாலும் கழன்றுகொள்ளும் பொத்தான் அது. போட்டு முடித்ததும் கதவு மணியை அழுத்துவதுபோல அதைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவார். பெரில் "ட்ரிங்" என்பாள். அன்றைக்கும் சொன்னாள்.

"போய்ச் சேர்ந்ததும் அட்ரஸ் எழுது மூரியல்."

"எதுக்கு? அவளுக்கு ஒரு அப்பா போதும். காலையில அடுத்த வாரத்து நாடகத்துக்கு ஒத்திகை, ராத்திரி இந்த வாரத்து நாடகம். ஞாயித்துக்கிழமை மட்டும் புருஷனா இருந்தே. ரெக் தினம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வர்றான்."

குழாய் வேலை செய்யும் ரெக், பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று வேறு திசையில் பார்த்துக்கொண்டிருந்தான். நல்லவன்தான். அதுவே நார்மனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அப்பா, இனிமே உன்னை எங்க பாக்கறது?"

"சினிமாவுல. நான் சினிமாவுக்குப் போகப்போறேன். படம் முடிஞ்சதும் எல்லாரும் கதவைப் பாத்து ஓடுவாங்க. நீ எழுந்துக்காதே. பேரெல்லாம் வரும். அப்பா பேரு கடைசியில இருக்கும்."

"ஏன் கடைசியில?"

"கடைசியில இருந்தாதானே கண்டுபிடிக்கச் சுலபம்?"

அவள் அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தாள். ஊர்ச் சுவர்களில் ஒட்டிய நாடகச் சுவரொட்டிகளில் அவள் முதலில் படித்ததே அடியில் இருந்த நார்மன் ஹெஸ்கெத்தைத்தான்.

மத்தியானம் அரசர் செய்தி வந்தது. நாட்டில் எல்லா நாடக அரங்குகளையும் மூடிவிட்டார்கள். வேறு எந்த நாளாக இருந்தாலும் அன்று இரவு ஒட்டுமீசையோடு ஏதோ ஒரு பாதிரியாராக நின்று பிழைத்திருப்பார். அன்றைக்கு அதுவும் இல்லை. விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதவரை, விடுதிக்காரி திருமதி பிளாக்ஷா டீக்கோப்பையோடு வந்து தேற்றினாள்.

"அழாதேப்பா. மகராசன் தூக்கத்துலயே போயிட்டார். அவருக்குத்தான் பொண்ணு இருக்காளே, எல்லாத்தையும் பாத்துக்குவா."

முகவரி வரவில்லை. ஆஸ்திரேலியத் தூதரகத்துக்கு எழுதிப் பார்த்தார். ரெக்கின் குடும்பப் பெயர் ஸ்மித். அந்தக் கண்டத்தில் எத்தனை ஸ்மித் வீடுகளைத் தட்டுவது? ஆக, மகளை அடைய நார்மனிடம் மிஞ்சியது அவர் பெயர் ஒன்றுதான். அது ஒரு திரையில் வர வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

நெஞ்சில் நீர் கோத்துப் படுத்தது, அப்புறம் பிஸ்கட் தொழிற்சாலையில் மாவு பிசைந்தது என்று மூன்று வருடம் மேடையில்லாமல் போனது. நடிகர் சங்கத்துக்குச் சந்தா கட்டவும் முடியவில்லை. கடைசியில் ஒரு படம் வந்தது. பேருந்து நடத்துநர் வேடம், நாலே வரி வசனம். சங்கத்தில் திரும்பச் சேர, லண்டன் அலுவலகத்துக்கு ஏறக்குறைய ஓடினார்.

குமாஸ்தா அட்டைகளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "நார்மன் ஹெஸ்கெத் இருக்கார் சார். போன வருஷம் சேந்தார். பிரிஸ்டல்காரர்."

"அது நான்தாங்க."

"நீங்க இருந்தீங்க. விட்டுட்டுப் போயிட்டீங்க. ஒரே பேர்ல ரெண்டு நடிகர் இருக்கக் கூடாது, விதி. வேற பேர் சொல்லுங்க."

பிரிஸ்டலுக்கே போனார். அரங்கின் பின்வாசலில் இருபத்திரண்டு வயது ஹெஸ்கெத் ஆப்பிள் கடித்துக்கொண்டு நின்றான். பார்க்க லட்சணமான பையன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான்.

"சார், நான் திருடிட்டு வந்த பேரா இது? எங்கப்பா வெச்சது. அவர் உயிரோட இருக்கார், பேரை மாத்தினா உதைப்பார்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒண்ணு செய்றேன். நான் உருப்படாமப் போனா திருப்பித் தந்துடறேன்" என்றான்.

சிரித்துவிட்டுத்தான் வந்தார். ரயிலில் வரும்போதே பையன் உருப்படாமல் போக வேண்டும் என்று வேண்டத் தொடங்கி, வெட்கப்பட்டு நிறுத்தினார்.

அவருக்கு வாய்ப்புத் தேடித்தரும் மிஸ் ஸ்பிங்க், சிகரெட் புகைக்குள்ளிருந்து ஒரு பெயரை எடுத்துக் கொடுத்தாள். லூயிஸ் பென்ரித்.

"என் பொண்ணு நார்மன் ஹெஸ்கெத்தைத் தேடுவா மேடம்."

"முகத்தைப் பாத்தா தெரியாதா கண்ணு?"

"ஏழு வயசுல பாத்த முகம். நான் ஒட்டுத்தாடியில இருப்பேன்."

"அப்போ தாடி இல்லாத வேஷம் பாக்கறேன்" என்றாள். பார்க்கவும் செய்தாள். ஆனால் அவருக்கு வந்ததெல்லாம் தாடி, மீசை, கண்ணாடி, வழுக்கை. நீதிபதி, சமையற்காரர், கல்லறை தோண்டுபவர், சாட்சி. எது கொடுத்தாலும் அதுவாகவே ஆகிவிடுவார். எதிர்வீட்டுக்காரரே தொலைக்காட்சியில் அவரைப் பார்த்துவிட்டு மறுநாள் அவரிடமே, "நேத்து ஒரு தபால்காரன் வந்தான் பாருங்க, பிரமாதம்" என்று சொன்னதுண்டு. தொழிலில் அதற்குப் பேர் திறமை. அவர் அதை ஒரு நோய் மாதிரி சுமந்தார்.

பிரிஸ்டல் பையன் நன்றாகவே உருப்பட்டான். துப்பறிவாளனாக அவன் நடித்த தொடர் கடல் கடந்தெல்லாம் ஓடியது. அதில் ஒரு வாரம் லூயிஸ் பென்ரித்துக்குப் பிண வேடம். கொலையுண்டு கம்பளத்தின்மேல் கிடந்தவர் பக்கம் குனிந்து, விளக்கைச் சரிசெய்யும் இடைவெளியில் துப்பறிவாளன் கிசுகிசுத்தான்.

"சார், உங்க பேரை நல்லாத்தானே பாத்துக்கறேன்?"

"நல்லா பாத்துக்கறேப்பா. இப்போ தள்ளிக்கோ, நான் செத்துக்கிட்டிருக்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்குப் போய் அந்தத் தொடரின் பெயர்ப்பட்டியலை மனத்தில் ஓட்டிப் பார்த்தார். முதலில் நார்மன் ஹெஸ்கெத். கடைசியில் லூயிஸ் பென்ரித். ஆஸ்திரேலியாவில் எங்கோ ஒரு வீட்டில் பெரில் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பாள். அவள் கண்ணில் படுவது எது?

அதற்குப் பிறகு அவர் காத்திருப்பதை விட்டுவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். நடித்தார், கூலி வாங்கினார், தனியாக மீன் வறுத்துத் தின்றார். மிஸ் ஸ்பிங்க் இறந்துபோக, அவள் அண்ணன் மகன் அலுவலகத்தை நடத்தினான். மேடையில் வசனம் மறக்க ஆரம்பித்தது.

எழுபத்து நாலாம் வயதில் கடைசி வேடம் வந்தது. போர்க்காலத் தொடர் ஒன்றில் ரயில் நிலையப் போர்ட்டர். குண்டுவீச்சுக்கு அஞ்சி ஊரைவிட்டு அனுப்பப்படும் குழந்தைகளை வண்டியில் ஏற்ற வேண்டும். வசனமே கிடையாது. ஒரு சிறுமியின் கோட்டு திறந்து கிடந்தது. கேமரா ஓடுவதையே மறந்து குனிந்து பொத்தானைப் போட்டார். கட்டைவிரலால் அழுத்தினார். சிறுமி ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கென்ன தெரியும்? இயக்குநர் மட்டும், "அது இருக்கட்டும் சார், நல்லா இருக்கு" என்றார்.

இரண்டு வருடம் கழித்து, ஓய்வுபெற்ற நடிகர்கள் தங்கும் விடுதிக்கு ஸ்பிங்க் அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய உறை வந்தது. அலுவலகத்தை மூடுகிறார்களாம். அலமாரியில் தங்கிப்போன தபால் எல்லாவற்றையும், அன்று காலை வந்ததுவரை, சேர்த்து அனுப்பியிருந்தான் அண்ணன் மகன். வரிக் காகிதங்கள், இரண்டு வாழ்த்து அட்டைகள். ஆஸ்திரேலியத் தபால்தலையோடு கடிதம் ஒன்றே ஒன்று. பதினாலு மாதப் பழசு. உறையின் மேல் லூயிஸ் பென்ரித்தின் பெயர். நார்மன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

"அன்புள்ள திரு. பென்ரித்,

மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடி உங்கள் போர்ட்டரைப் பார்த்தேன். நடிகர்களுக்கு எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. ஒரே ஒரு முறை என் அப்பாவின் பெயர் கொண்ட ஒருவருக்கு எழுதினேன். அச்சடித்த கையெழுத்தோடு யாரோ ஒருவரின் படம் வந்தது. என் அப்பாவும் நடிகர்தான். அவர் சினிமாவுக்கு வரவே இல்லை. என்னிடம் சொன்னதை மறந்துவிட்டார் என்று ரொம்ப நாள் கோபமாக இருந்தேன்.

நீங்கள் அந்தக் குழந்தையின் பொத்தானை அழுத்தியபோது, பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்க்கும்படி நான் 'ட்ரிங்' என்றுவிட்டேன். ஒரு நிமிடம் நிச்சயமாக நம்பினேன். நர்ஸ் டிவியை அணைக்க வந்தாள். விடவில்லை, பெயர்கள் ஓடி முடியும்வரை பார்த்தேன். உங்கள் பெயர்தான் இருந்தது.

பரவாயில்லை, உங்களுக்கு நன்றி சொல்லத்தான் எழுதினேன். வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. நல்லபடியாக முடிந்தால் இன்னொரு கடிதம் போடுகிறேன்.

பெரில்."