கடைசி வீட்டிலிருந்து தோண்டிய கேஸ் லைன்

சரோஜாம்மாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது வாலாஜாபாத் பஸ் நிலையத்தில். கையில் கீரைக்கட்டு. "என்ன சார், வீட்டம்மா போனப்புறம் அடுப்பு பத்த வெக்கிறீங்களா, ஓட்டல்லயே காலம் தள்றீங்களா?" என்றார். பத்த வைக்கிறேன் என்றேன். "அப்ப சரி" என்று பஸ் ஏறினார். அந்த மழைக்காலத்திலேயே போய்விட்டார்.

வீடுகளுக்குக் குழாயில் கேஸ் கொண்டுபோகும் தொழிலில் குழி தோண்டுவது சுலபம். தோண்ட அனுமதி வாங்குவதுதான் பாடு. ஒப்பந்தக்காரரிடம் நான் பார்த்தது அந்த வேலை. பஞ்சாயத்து ஆபீஸ் பெஞ்சில் நீங்களும் உட்கார்ந்திருந்தால், அதன் ஆணி எங்கே குத்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சரோஜாம்மா அப்படி ஓர் ஊராட்சிக்குத் தலைவர்.

உங்கள் வீடு எங்கே?

எங்கள் வரைபடத்தில் லைன் மெயின் ரோட்டில் ஆரம்பித்து, நெசவுத் தெரு வழியாகப் போய், காலனியின் கடைசி வீட்டில் முடிந்தது. சரோஜாம்மா அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். "கடைசி வீட்டுல இருந்து தோண்டிக்கினு வாங்க. ஒத்துக்கினா கையெழுத்து." முன்பு குடிநீர்க் குழாயும் மெயின் ரோட்டில்தான் ஆரம்பித்ததாம். பணம் தீர்ந்தது என்று நெசவுத் தெரு முனையோடு நிறுத்திவிட்டார்கள். காலனிப் பெண்கள் இன்னும் குடத்தோடு அந்த முனைக்குத்தான் வருகிறார்கள்.

எங்கள் இன்ஜினியர் பாஸ்கருக்குச் சின்ன வயது, கொஞ்சம் துடுக்கு. "மேடம் வீடு அந்தக் கடைசியிலயா?" என்று கேட்டுவிட்டார்.

"நடுவுல இருக்குதுப்பா. நீ எந்தப் பக்கம் தோண்டினாலும் எனக்கு லேட்டுதான்."

முதல் வீடு

காலனிக் கடைசி வீட்டில் குடியிருந்தவர் ஸ்டெல்லா. வாசலில் கடப்பாரை இறங்கியதும் ஓடி வந்தார். தண்ணீர்க் குழாய் உடைந்துவிடும் என்று பயப்படுகிறார் என நினைத்தேன். அங்கே உடைவதற்குக் குழாயே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. விஷயத்தைச் சொன்னேன். நம்பாமல் தெருவை மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாம் எங்ககிட்ட வந்துதான் தீர்ந்து போவும். இது எங்ககிட்ட இருந்தா கெளம்புது?"

பாவும் குழியும்

காலனியை முடித்து நெசவுத் தெருவுக்கு வந்தால், தெரு முழுக்கப் பட்டு இழைகளை நீட்டிப் பாவு போட்டிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை அது. தாண்டிப் போகக்கூட வழியில்லை. சரோஜாம்மாவிடம் போனோம். "பாவு எடுத்தப்புறம் தோண்டுங்க, தினமும்" என்றார். காலை நேரமெல்லாம் ஆட்கள் சும்மா நிற்கிறார்களே என்று பாஸ்கர் நெசவாளர் ஒருவரிடம் புலம்பினார். அவர் இழையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வெயில் பட்டா எங்க இழை அறுந்துடும்பா. உங்க குழிக்கு என்ன ஆவும்?"

நிறுத்துங்கள்

இப்படி நாள் போனதில் ஆபீஸுக்குப் பொறுமை போயிற்று. போட்டது போதும், அடுத்த ஊருக்குப் போங்கள் என்று மேலாளர் போன் செய்தார். போனை வைத்துவிட்டு அதைச் சொன்னேன். பாஸ்கர் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார்.

"எங்க சார் நிறுத்துறது? காலனி முழுக்கக் குழாய் பொதைச்சாச்சு, கேஸ் வர்ற மெயின் லைனை இன்னும் தொடவே இல்ல! அந்தம்மா நம்மளக் கட்டிப் போட்டுட்டாங்க சார்."

லைன் மெயின் ரோடு வரை வந்து சேர்ந்தது.

குழாய் போகும் வழியில், போட்ட வரிசைப்படி எண் எழுதி மஞ்சள் கல் நடுவது எங்கள் வழக்கம். அந்த ஊரில் ஒன்றாம் எண் கல் காலனிக் கடைசி வீட்டு வாசலில் இருக்கிறது.