பிரேக் அக்காவின் தோட்டம்

"இடது பக்கம் பாருங்க. பாத்துட்டுத் திரும்புங்க" என்கிறார் பிரேக் அக்கா, கொய்யா மரத்தடியில் நின்றபடி. ஏணி மேலிருக்கும் கணவர் கத்தரிக்கோலோடு திரும்புகிறார். அவர் எந்தக் கிளையில் கை வைத்தாலும், கீழே அக்காவின் வலது கால் செருப்போடு மண்ணை அழுத்துகிறது.

தொழில் தந்த பழக்கம் அது. டிரைவிங் ஸ்கூல் காரில், கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, தனக்கென்று உள்ள பிரேக்கில் எப்போதும் காலை வைத்திருப்பவர் அவர். எங்கள் தெருவில் பாதிப் பேர் வண்டி ஓட்டப் பழகியது அவரிடம்தான், பக்கத்து வீட்டுக்காரனான நானும் சேர்த்து. இன்றைக்கும் வளைவில் வேகமெடுத்தால் காதருகே அவர் குரல் கேட்கும்: "எதுக்கு அவசரம்? முன்னாடி போறவன் உங்க சொத்தையா தூக்கிட்டுப் போறான்?"

வீட்டுக்குப் பின்னால், நாலு கார் நிறுத்துகிற அளவு இடத்தில் அவருடைய பழத்தோட்டம். குடும்பத்தில் ஆளுக்கொரு மரம். கொய்யா கணவருக்கு, மாதுளை மகளுக்கு. நடுவில் நிற்கும் ஆரஞ்சு அக்காவுடையது. பழம் அப்படி இனிக்கும். அதில் கத்தி வைக்க யாருக்கும் அனுமதி இல்லை. ஒருமுறை துணி காயப்போட அதில் கயிறு கட்டிய கணவர், அன்று முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மகளுக்குக் கல்யாணமானதும் மாப்பிள்ளை பேரில் ஓர் ஆரஞ்சு ஒட்டுக்கன்று நட்டார். அது மளமளவென்று வளர்ந்தது, முள்ளும் கூடவே வளர்ந்தது. காய்த்தபோது வாயில் வைக்க முடியாத புளிப்பு. மாப்பிள்ளை பல் டாக்டர். அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்வதோடு சரி, தன் வாயைத் திறக்க யோசிப்பவர். ஒரு சுளை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, "நல்லா இருக்கு அத்தை" என்றார்.

"மரமும் மாப்பிள்ளை மாதிரியே. சட்டுனு கிட்ட போக முடியாது" என்று மாமனார் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தோம். வருஷா வருஷம் பழத்தோடு அந்தக் கேலியும் காய்த்தது. மாப்பிள்ளை சிரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டதை யாரும் கவனிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் எல்லோரும் இருந்தபோது அவரே சொன்னார்: "அதை வெட்டிடலாம் அத்தை. இடமாவது மிச்சமாகும். இந்த வீட்டுல எனக்குன்னு ஒண்ணு இருந்துதான் ஆகணுமா?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது.

அக்கா அந்த மரத்தடியில் குந்தி, சருகை ஒதுக்கி, அடிமரத்தைத் தடவினார். புளிப்பு வேரின் மேல் இனிப்புக் குச்சியை ஒட்டுக் கட்டிய இடத்தில் ஒரு முடிச்சு. அதற்கு மேலே காய்ந்துபோன சின்னக் கட்டை, சாய்வாக வெட்டிய தழும்போடு. இத்தனை காலம் உரம் போட்டு வளர்த்தது, முடிச்சுக்குக் கீழே புளிப்பு வேரிலிருந்து கிளம்பிய கிளையை. இனிக்க வேண்டிய கிளை கன்றாக இருந்தபோதே போய்விட்டது. அந்தத் தோட்டத்தில் சாய்வாக வெட்டுகிற கை ஒன்றுதான்.

"என் வெட்டு" என்றார் அக்கா. அவர் வகுப்பில் தப்பு எப்போதும் எங்களுடையதாகத்தான் இருக்கும். முதல் தடவையாக வேறு மாதிரி கேட்கிறேன்.

"மாப்பிள்ளை, மரத்து மேல தப்பில்ல. உங்க மேல சுத்தமா இல்ல. நோஞ்சானா இருக்குன்னு நல்ல கிளையை வெட்டிட்டு, முள்ளுக்குத் தண்ணி ஊத்தியிருக்கேன்."

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க சும்மா இருங்க. சிரிச்ச வரைக்கும் போதும்."

"அப்போ வெட்டிடலாமா அத்தை?"

"எதுக்கு? வேர் நல்லாத்தானே இருக்கு. இடுப்பளவுக்கு அறுத்துட்டு, என் மரத்துக் குச்சியை ஒட்டுவோம். பிடிச்சுக்கும். பிடிக்காம எங்க போயிடும்?" எழுந்து, கத்தியை அவர் கையில் கொடுத்தார். "எந்தக் குச்சி வேணுமோ நீங்களே பாத்து எடுங்க."

மாப்பிள்ளை அக்காவின் மரத்தை நிதானமாகச் சுற்றி வந்தார். ஓரத்துக் குச்சிகளையெல்லாம் விட்டுவிட்டு, நன்றாக வெயில் படும் பக்கத்தில் கணு திரண்ட ஒரு கிளையைப் பிடித்துக் கத்தியை வைத்தார். அக்காவின் வலது கால் மண்ணை அழுத்தியது. அதைப் பார்த்த மாப்பிள்ளையின் கை அப்படியே நின்றது.

அக்கா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த மண்ணிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.