இரண்டு வோல்ட்டும் ஒரு குங்குமப் பொட்டும்

போன வாரம் மகளின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கிருந்தவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "போர்டு போச்சு சார். உங்க வீட்ல வோல்டேஜ் ப்ராப்ளம்" என்றார். பக்கத்து மேசையிலிருந்து தீய்ந்த போர்டு வாடை வேறு. மைசூரில் அந்த வசனத்தை முதலில் பேசியவனே நான்தானோ என்னவோ.

இருபது வருஷத்துக்கு முன்பு அங்கே அக்ரஹாரத்தில் ஒரு மாடிக் கடையில் வேலை. பழைய கம்ப்யூட்டருக்குப் புது பிராசசர் போட்டுத் தருவோம். பழைய போர்டில் நீளமான பள்ளம்தான் இருக்கும். புது பிராசசரோ சதுரமாக, அடியில் ஊசிக் கால்களோடு வரும். இரண்டையும் சேர்த்துவைக்க நடுவில் ஒரு கன்வர்ட்டர் கார்டு. பிராசசருக்கு எத்தனை வோல்ட் என்பதை அந்தக் கார்டில் ஜம்பர் என்கிற குட்டித் தொப்பியை இடம் மாற்றிச் செருகி வைக்க வேண்டும். எங்கே செருகுவது என்று கார்டிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கும்.

தசரா வந்தது. ஆயுத பூஜைக்கு ஸ்குரூ டிரைவர்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். பக்தி முற்றிப்போய்க் கன்வர்ட்டர் கார்டுகளுக்கும் நானே பொட்டு வைத்தேன். அது சரியாக அந்தப் பொடி எழுத்தின் மேல் போய் உட்கார்ந்தது. துடைத்தால் சாமி குற்றம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாளே செல்வி அக்காவின் கம்ப்யூட்டர் வந்தது. கொள்ளேகால் பக்கத்துக்காரர், பின்தெருவில் குடியிருந்தார். ஆராய்ச்சி மாணவர்களுக்குத் தீசிஸ் டைப் அடித்துக் கொடுத்துத்தான் அவர் வீட்டில் அடுப்பெரிந்தது. கார்டின் எழுத்து குங்குமத்துக்கு அடியில் மறைந்திருந்தால் என்ன, நான்தான் மேதை ஆயிற்றே. ஞாபகத்திலிருந்தே ஜம்பரைச் செருகிக் கொடுத்தேன்.

பத்தே நாளில் திரும்பி வந்தார். பெட்டியைத் திறந்ததும் அதே வாடை. நகத்தால் குங்குமத்தைச் சுரண்டிப் பார்த்தேன். ஒன்றரை வோல்ட் கேட்ட பிராசசருக்கு இரண்டு கொடுத்திருக்கிறேன். போர்டும் சேர்ந்து போயிருந்தது.

"சும்னிரு, உண்மையச் சொல்லாத. கரண்ட்டுன்னு சொல்லிடு" என்று முதலாளி காதோடு சொன்னார். அவர் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். என்னை நினைத்தால் இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது.

"உங்க வீட்ல வோல்டேஜ் ப்ராப்ளம்க்கா."

அவர் சண்டைக்கு வந்திருந்தால் தேவலை. "ஆமாங்க தம்பி, எங்கூட்டு வயரிங்கே அப்படித்தானுங்க. அன்னைக்கு நான்தான் மிக்ஸியப் போட்டுத் தொலைச்சேன். உங்களுக்கும் வீண் சிரமம்" என்றார். மூக்கு நுனி சிவந்திருந்தது. பாதி அடித்திருந்த தீசிஸை ஒரு மாணவர் திரும்ப வாங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

சர்வீஸ் சென்டரிலிருந்து நேரே அக்ரஹாரம் போனேன். எங்கள் கடை இருந்த மாடியில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். கன்வர்ட்டர் கார்டு என்றால் அங்கே யாருக்கும் தெரியவில்லை. பின்தெருவில் செல்வி அக்கா வீடும் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் விசாரித்தேன்.

"செல்வியா? காலி பண்ணிட்டுப் போய் வருஷமாச்சு. எங்கன்னு தெரியல. பாவம், வயரிங்கெல்லாம் புதுசா மாத்தியும் அவளுக்குப் பயம் போகல. எங்க வீட்டு மிக்ஸி சத்தம் கேட்டாக்கூட ஓடிப்போய் கம்ப்யூட்டர அணைச்சிடுவா."